கோழியும் வெளிநாட்டுச் சொந்தமும்: கண்ணையும் காலையும் சேர்த்துப் பிடித்த நோயின் கதை

வீட்டில் கோழி வளர்க்கிறவருக்கு இந்த நோய் வருவது குறைவு. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிறவருக்கும் குறைவு.

இது ஊர்ப் பெரிசுகள் திண்ணையில இருந்து சொன்ன கதை இல்லை. 1995இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வின் முடிவு. கியூபாவின் சுகாதாரத் துறையினரும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு புகைத்தீர்கள், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கணக்குப் பார்த்தபோது, விற்றமின், புரதம், சுருட்டு என்ற பெரிய சொற்களுக்கு நடுவில் கோழியும் வெளிநாட்டுச் சொந்தமும் வந்து நின்றன.

முதலில் வாசித்தபோது எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு ஒழுங்கையில் வெளிநாட்டுக் காசு வாற வீடு எது, வராத வீடு எது என்று பார்த்த உடனே சொல்லக்கூடிய ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வித்தியாசம் வீட்டு மதிலிலும் நகையிலும் மட்டும் இல்லாமல், ஒருவரின் கண் நரம்புக்குள்ளும் போய் எழுதப்படும் என்று அதுவரை யோசித்ததில்லை. அதனால்தான் இந்த நோயின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, 1990களின் கியூபா ஒரு நீண்ட கதையின் ஓர் அத்தியாயம் மட்டும்தான் என்று தெரிந்தது.

முதலில் கியூபாவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

1991 கடைசியிலும் 1992 தொடக்கத்திலும் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் பினார் டெல் ரியோ மாகாணத்தில் சிலர் கண் வைத்தியரிடம் வரத் தொடங்கினார்கள். உலகின் பேர்போன சுருட்டுப் புகையிலை விளைகிற மண் அது. வந்தவர்களில் பெரும்பாலானோர் நடுவயது ஆண்கள், புகைப்பவர்கள், குடிப்பவர்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே முறைப்பாட்டைத்தான் சொன்னார்கள். சில கிழமைகளுக்குள் பார்வை மங்கிவிட்டது. ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேரே பார்ப்பது தெரியவில்லை. எதிரில் நிற்பவரின் முகத்தில் ஒரு புகைத் திட்டு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய ஏலாது. வெளிச்சம் கூசுகிறது.

கொஞ்சக் காலத்தில் வேறு விதமான நோயாளிகளும் வந்தார்கள். இவர்களுக்குப் பார்வை ஓரளவு சரி, கால்தான் பிரச்சினை. பாதம் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது, நடக்கும்போது தரை காலுக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை. சிலருக்குக் காதும் மந்தம். கண் நோய் ஆண்களில் அதிகம், கால் நோய் பெண்களில் அதிகம், இரண்டும் சேர்ந்து வந்தவர்களும் இருந்தார்கள். 1993இன் முதல் பாதியில் இது பினார் டெல் ரியோவைத் தாண்டி முழுத் தீவுக்கும் பரவியது. முடிவில் பதிவான எண்ணிக்கை 50,862. அப்போது கியூபாவின் சனத்தொகை ஒரு கோடியே பத்து இலட்சத்துக்குக் கிட்ட. இருபதாம் நூற்றாண்டில் பதிவான மிகப் பெரிய நரம்பு நோய்ப் பரவல்களில் இதுவும் ஒன்று. ஒருவரும் இதனால் சாகவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற வயதுக்காரர் ஐம்பதாயிரம் பேர் மங்கின கண்ணோடும் எரிகிற காலோடும் இருந்தார்கள்.

ஏன் கண்ணும் காலும்? இரண்டுக்கும் என்ன தொடர்பு?

நரம்பை ஒரு வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, வெளியே உறை. அந்த உறைக்குப் பெயர் மயலின், கொழுப்பால் ஆனது. உறை கழன்றால் தகவல் வேகம் குறையும், தடுமாறும், நின்றும் போகும். உள்ளே இருக்கும் கம்பியும் உயிருள்ள பொருள்தான். அதற்கும் சாப்பாடு வேண்டும். முள்ளந்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பு இழை ஒரு மீற்றருக்குக் கிட்ட நீளம். அவ்வளவு தூரத்துக்கும் சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கண்ணில் வேறு மாதிரி. நேரே பார்ப்பதற்கும் நிறம் அறிவதற்கும் உதவும் இழைகள் மிக மெல்லியவை, ஓய்வே இல்லாமல் வேலை செய்பவை. உடம்பில் சக்தித் தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுவது மிக நீளமானதும் மிக மெல்லியதும்தான். மின்சாரம் குறையும்போது லைனின் கடைசி வீட்டில் முதலில் பல்ப் மங்குகிற மாதிரி.

இந்தச் சக்தியை உண்டாக்க பி வகை விற்றமின்கள் வேண்டும். சீனியையும் மாச்சத்தையும் எரிக்கத் தயமின் வேண்டும். சீனி கூடக் கூடத் தயமின் தேவையும் கூடும். மயலின் உறையைப் பேண பி12 வேண்டும். அது இறைச்சி, முட்டை, பால் வழியாகத்தான் வரும். புகையிலைப் புகையில் கொஞ்சம் சயனைட் இருக்கிறது. அதை உடம்பு கழித்து விடுவதற்குக் கந்தகம் உள்ள புரதச் சத்து வேண்டும். நல்லாச் சாப்பிடுகிறவர் சுருட்டுக் குடித்தால் உடம்பு எப்படியோ சமாளிக்கும். வயிறு காய்ந்தவர் அதே சுருட்டைக் குடித்தால் கதை வேறு.

இனி அந்தக் காலத்துக் கியூபாவின் சாப்பாட்டு மேசையைப் பார்ப்போம். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கியூபாவின் வெளிநாட்டு வணிகத்தில் ஐந்தில் நாலு பங்கு போனது. எண்ணெய் இல்லை, உரம் இல்லை, கோழிக்குத் தீன் இல்லை. 'சமாதான காலத்தின் விசேட காலகட்டம்' என்று அரசு அதற்குப் பெயர் வைத்தது. பேருந்து நின்றது, சீனாவிலிருந்து இலட்சக்கணக்கில் சைக்கிள் இறக்கினார்கள். ஒரு நாளைக்கு ஓராளுக்குச் சராசரியாகக் கிடைத்த 2,900 கலோரி 1993இல் 1,900ஐயும் எட்டாமல் விழுந்தது. சாப்பாடு குறைந்த அதே சனம்தான் மைல் கணக்கில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனது.

அதே ஆண்டுகளில் எங்கட பக்கத்திலும் சைக்கிளும் ஜாம் போத்தல் விளக்கும் தடைப் பட்டியலும்தான் வாழ்க்கை. எங்கட அம்மாமார் டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்ட காலம். ஒப்பிட்டு ஒன்றும் நிறுவ வரவில்லை; காலத்தை மனதில் பிடித்துக்கொள்ளத்தான் சொல்கிறோம்.

கியூபாவில் 1962 முதல் பங்கீட்டு அட்டை இருக்கிறது. எங்கட கூப்பன் மாதிரி. அந்த அட்டையில் அந்தக் காலம் மிஞ்சி நின்றவை எவை என்று பாருங்கள்: சீனி, கொஞ்சம் அரிசி, கொஞ்சம் அவரை, சிகரெட். இறைச்சியும் பாலும் முட்டையும் எண்ணெயும் காணாமல் போயின. காலையில் சீனித் தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போன கதையை அந்தத் தலைமுறைக் கியூபர்கள் இப்பவும் சொல்வார்கள். கடை ரம் கிடைக்காததால் வீட்டில் காய்ச்சினார்கள். அதற்குச் சனம் வைத்த பட்டப்பெயர் 'ரயில் தீப்பொறி'. சீனி கூடுதல், தயமின் குறைவு, புரதம் இல்லை, புகை இருக்கிறது, கசிப்பு இருக்கிறது. தேடினாலும் இதைவிடப் பொருத்தமான கலவை கிடைக்காது.

ஆனால் பசி என்ற சொல்லுக்கு வந்து சேர நாட்கள் எடுத்தன. கியூபாவின் ஆய்வுகூடங்கள் திறமானவை. அவை நோயாளிகளின் முதுகுத் தண்டு நீரை எடுத்துச் சோதித்தன. பலருடைய மாதிரியில் கொக்சாக்கி வகையைச் சேர்ந்த வைரஸ் கிடைத்தது. உடனே கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. பயிருக்கு அடித்த மருந்தாக இருக்குமோ, வேறு ஏதாவது நஞ்சோ என்றும் தேடினார்கள். இதில் யாரையும் நக்கலடிக்க நாங்கள் தயாரில்லை. ஐம்பதாயிரம் பேருக்கு நோய் வந்தால் கிருமியைத் தேடாத வைத்தியர்தான் பிழையான வைத்தியர். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கிருமி என்றால் அது இயற்கையின் வேலை. பசி என்றால் அடுத்த கேள்வி 'யாரால்?' என்று வரும். எந்த அரசுக்கும் முதலாவது விடைதான் வசதி.

1993 மே மாதம் அமெரிக்கக் கண் நரம்பியல் நிபுணர் அல்பிரடோ சாடுன் உள்ளிட்ட வெளிநாட்டு வைத்தியர்கள் கியூபா போனார்கள். நோயாளிகளின் கண்ணுக்குள் பார்த்தபோது, விழித்திரையின் நடுப் பகுதியிலிருந்து மூளைக்குப் போகும் அந்த மெல்லிய இழைக் கற்றை மட்டும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தது. இந்த அடையாளத்தைச் சாடுன் தன் துறையில் முன்பே அறிந்திருந்தார்: சத்துக் குறைவிலும் சில நஞ்சுகளிலும் வருவது. வீட்டு ரம் மாதிரிகளில் சிறிதளவு மெத்தனோல் இருந்தது. வழமையாக அந்த அளவு ஒன்றும் செய்யாது. ஆனால் அதைக் கழிக்க உதவும் ஃபோலேற் உடம்பில் இல்லையென்றால் அதுவும் நஞ்சுதான். பிடல் காஸ்ட்ரோவே நேரில் வந்து வைத்தியர்களோடு இருந்து கேள்வி கேட்டார். வேறொரு பக்கம், கொலம்பியாவில் பிறந்த நரம்பியல் நிபுணர் குஸ்தாவோ ரொமான் பழைய புத்தகங்களைப் புரட்டினார். இந்த நோய் புதிதே இல்லை என்று அவர் எழுதினார். இதற்கு நூறு வருசத்துக்கு முந்தைய பெயர் ஒன்று இருக்கிறது.

அந்தப் பெயர் ஸ்ட்ராக்கன். கியூபாவுக்குப் பக்கத்துத் தீவான ஜமைக்காவில் பிரித்தானிய அரச வைத்தியராக இருந்தவர் ஹென்றி ஸ்ட்ராக்கன். கையும் காலும் மரத்து எரிகிறது, பார்வை மங்குகிறது, காது மந்தம், வாயோரம் புண் என்று வந்தவர்களை அவர் வருசக்கணக்கில் பார்த்து, 510 பேரின் விபரத்தை எழுதினார். 1888இல் முதலில் எழுதியபோது அவர் சொன்ன காரணம் மலேரியா. பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக் கூலிகள். அடிமைமுறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியும் சீனி விளைகிற மண்ணில் சாப்பாட்டுக்கு வேறொன்றும் விளையாத நிலைமை. காய்ச்சல் எல்லோருக்கும் வரும் இடத்தில், காய்ச்சல்தான் காரணம் என்று ஒரு வைத்தியருக்குத் தோன்றியது ஆச்சரியமில்லை. ஆனால் தோட்டத்துக்காரர் என்ன தின்கிறார் என்ற கேள்விக்கு அந்தத் தலைப்பில் இடமில்லாமல் போனது.

பத்து வருசம் கழித்து, 1898இல், கியூபாவின் மத்தான்சாஸ் நகரத்தில் டொமிங்கோ மடான் என்ற கண் வைத்தியர் இதே நோயைக் கண்டார். அந்த நேரத்துக் கியூபாவைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் மூன்று வருசமாக நடக்கிறது. ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராமத்துச் சனத்தைக் காணியிலிருந்து கிளப்பி, கம்பி வேலி போட்ட நகரங்களுக்குள் அடைத்து வைத்திருந்தார். போராளிகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்களைப் பிரித்தெடுப்பதுதான் நோக்கம். அந்த அடைப்புக்குள் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சனம் பசியிலும் நோயிலும் செத்தது. 1898 ஏப்ரலில் அமெரிக்கா போருக்குள் வந்தது. அதன் கடற்படை துறைமுகங்களை மறித்தது. தப்பியிருந்த சனத்துக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சச் சாப்பாடும் நின்றது.

மடானிடம் வந்தவர்கள் ஏழைகள். பார்வை மங்கியிருந்தது, காலில் உணர்வு குழம்பியிருந்தது. கண் நரம்பும் கைகால் நரம்பும் ஒன்றாகக் கெட்டிருப்பதை அவர் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார். அவர் கண்ட கண் நோய்க்கு 'முற்றுகையால் வந்த பார்வைக் குறைவு' என்ற பெயரும் வழங்கியது. மருத்துவப் பெயர் வைக்கிறபோது காரணத்தை இப்படி நேரே சொல்கிற வழக்கம் குறைவு. ஸ்ட்ராக்கன் தோட்டத்தைக் காய்ச்சலுக்குள் மறைத்த இடத்தில், மடானின் நோய் முற்றுகையைப் பெயரிலேயே சுமந்தது. ஒரே நோய், பத்து வருச இடைவெளி, பக்கத்துப் பக்கத்துத் தீவு. எங்களுக்கு இந்த இரண்டு பெயர்களும்தான் இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த, மிகவும் தொந்தரவு செய்த விசயம்.

பிறகு மாட்ரிட். 1936 நவம்பரிலிருந்து 1939 மார்ச் வரை பிராங்கோவின் படைகள் அந்த நகரத்தை முற்றுகையிட்டிருந்தன. சனத்துக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி பாணும் பருப்பும். பிரதமர் நெக்ரின் ஒரு வைத்தியரும் கூட என்பதால், பருப்பை 'டொக்டர் நெக்ரினின் குளிசை' என்று சனம் பகிடி பண்ணியது. நரம்பு வைத்தியர் மனுவேல் பெராய்டா, கைகால் எரிவும் பார்வை மங்கலுமாக வந்த நோயாளிகளை எழுதிவைத்தார். உலகப் போர் முடிந்த பிறகுதான் அது ஆங்கில இதழ்களில் வந்தது.

அதற்கிடையில் சிங்கப்பூர் விழுந்திருந்தது. 1942 பெப்ரவரி 15க்குப் பிறகு சாங்கி முகாமிலும் சயாம்–பர்மா ரயில் பாதை முகாம்களிலும் இருந்த நேசநாட்டுக் கைதிகளுக்குத் தீட்டின வெள்ளை அரிசிதான் சாப்பாடு. சில மாதங்களில் பாதம் எரியத் தொடங்கியது. இரவில் நித்திரை கொள்ள ஏலாமல் காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அதைக் கைதிகள் கசப்போடு 'சந்தோசக் கால்' என்றார்கள். பார்வை மங்கினதற்கு 'முகாம் கண்' என்று பெயர். கைதிகளுக்குள் இருந்த வைத்தியர்களுக்குக் காரணம் தெரியும், மருந்துதான் இல்லை. தவிடு தேடினார்கள், ஈஸ்ட் வளர்த்தார்கள், சாங்கியில் புல்லைச் சாறு பிழிந்து குடிக்கக் கொடுத்தார்கள். குறிப்பும் எடுத்தார்கள். அந்தக் குறிப்புகள்தான் பிறகு மருத்துவ இதழ்களை நிரப்பின.

ஹொங்கொங்கில் பிடிபட்ட கனடியப் படையினர் கிட்டத்தட்ட 1,700 பேர். உயிரோடு திரும்பியவர்களில் சிலர் சில ஆண்டுகள் கழித்து வேறு காரணங்களால் இறந்தபோது, மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் நிபுணர் அவர்களின் நரம்பு மண்டலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். போரில் அவரும் ஜேர்மனியரிடம் பிடிபட்டு மூன்று வருசத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். 1955இல் அவர் எழுதியது இது: முள்ளந்தண்டின் பின்பக்கத்தில் காலின் உணர்வைக் கொண்டுபோகும் தடத்திலும், கண் நரம்பின் நடுக் கற்றையிலும் மயலின் உறை அழிந்திருந்தது. அந்த ஆட்கள் வீடு திரும்பி வருசக்கணக்கில் வயிறாரச் சாப்பிட்டவர்கள். முகாம் அவர்களின் நரம்புக்குள் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் எங்கட ஆட்களும் வருகிறார்கள். அந்த 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் வேலை செய்தவர்களில் படைக் கைதிகள் சிறுபான்மை. இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட ஆசியத் தொழிலாளர். அதில் மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றப்பட்ட தமிழர் பல்லாயிரம். ஆசியத் தொழிலாளரில் 90,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதே அரிசிதான், அதுவும் குறைவு, அதே காடு. ஆனால் கைதிகளுக்கு இருந்தது போல அவர்களுக்குள் படை வைத்தியர்கள் இல்லை, பெயர்ப் பதிவு ஒழுங்காக இல்லை, திரும்பிப் போனால் பென்சன் கேட்க ஒரு திணைக்களமும் இல்லை. அதனால் 'முகாம் கண்' என்ற நோயின் வரலாறு பிரித்தானிய, அவுஸ்திரேலிய, கனடியப் படைவீரரின் வரலாறாகவே மருத்துவ நூல்களில் இருக்கிறது. சயாம் மரண ரயில் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை வாசிக்கிறபோது, 'கண் மங்கினது', 'கால் விறைச்சது' என்ற சொற்கள் வருகிற இடங்களில் இனி நாங்கள் கொஞ்சம் நின்று வாசிப்போம்.

1960களில் நைஜீரியாவில் ஒசுண்டோகுன் என்ற நரம்பியல் நிபுணர் மரவள்ளியை நம்பி வாழ்ந்த ஊர்களில் இதற்கு மிக நெருங்கிய நோயைக் கண்டார்: பார்வை நரம்புத் தேய்வு, காது மந்தம், தள்ளாட்டம், கால் மரப்பு. மரவள்ளியிலும் சயனைட் இருக்கிறது. எங்கட அம்மம்மாமார் மரவள்ளியை மூடாமல் அவிக்கச் சொன்னதும், இஞ்சியோடு சேர்க்கவே கூடாது என்று கத்தினதும் ஞாபகம் வரும். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது கியூபாவுக்குத் திரும்புவோம்.

ரொமான் இந்தப் பழைய பெயர்களையெல்லாம் எடுத்து வைத்தபோது கியூப வைத்தியர்களுக்கு மடான் அந்நியர் இல்லை, சொந்த நாட்டுக்காரர். காரணம் நூறு வீதம் உறுதியாகும் வரை கியூபா காத்திருக்கவில்லை. 1993 இளவேனில் காலத்திலேயே நாட்டின் முழுச் சனத்துக்கும், நோய் வந்தவர் வராதவர் என்ற பேதமில்லாமல், வீடு வீடாகப் பல்விற்றமின் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கோடிப் பேருக்கு நாளுக்கொன்று. பணம் இல்லாத ஒரு நாடு இதைச் செய்தது என்பதை நாங்கள் குறைத்து மதிப்பிட மாட்டோம். அதன் பிறகு புதிய நோயாளிகளின் எண்ணிக்கை வேகமாக இறங்கியது. விற்றமின் ஊசி போட்ட நோயாளிகளில் பெரும்பாலானோர் தேறினார்கள். தாமதமாக வந்த சிலருக்கு அந்தப் புகைத் திட்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

பழி யாருக்கு? கியூபாவைப் பிடிக்கிறவர்களிடம் கேட்டால் அமெரிக்கத் தடை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1992 ஒக்டோபரில், கியூபா ஏற்கெனவே விழுந்து கிடந்த நேரத்தில், அமெரிக்கா தன் தடையை இன்னும் இறுக்கியது. வெளிநாடுகளில் இருந்த அமெரிக்கக் கம்பனிகளின் கிளைகளும் கியூபாவோடு வணிகம் செய்யக்கூடாது, கியூபாவுக்குப் போன கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரக்கூடாது. அந்தக் கிளைகள் விற்றுக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி உணவும் மருந்தும். பிடிக்காதவர்களிடம் கேட்டால் ஒரு பயிரையும் ஒரு வாடிக்கையாளரையும் நம்பியிருந்த அரசு என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. விவசாயிகள் தாங்களே விற்கிற சந்தைகளை அரசு 1986இல் மூடியது. இந்த நோயெல்லாம் வந்து போன பிறகு, 1994 ஒக்டோபரில்தான் திரும்பத் திறந்தது. எங்கட அபிப்பிராயத்தைக் கேட்டால், தடை என்பது கதவை வெளியில் பூட்டுகிற வேலை. உள்ளே இருப்பவர்களின் சட்டியில் என்ன கிடக்கிறது என்பதற்கு உள்ளே இருந்த நிர்வாகமும் பொறுப்பு. பூட்டினவரின் பொறுப்பை அது குறைக்காது.

இந்தக் கணக்கில் அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது: நோய் வராதவர்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த நோய் அரிதாகவே வந்தது. சாதாரணமாகப் பஞ்சம் முதலில் பிடிப்பது அவர்களைத்தான். கியூபாவில் நடந்தது தலைகீழ். பங்கீட்டில் கிடைத்த கொஞ்சப் பாலும் மேலதிக உணவும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது; ஏழு வயது வரை பிள்ளைக்குப் பால் நிற்கவில்லை. வீட்டில் இருந்த நல்லதைத் தாய் தகப்பன் பிள்ளைக்கும் கிழவிக்கும் வைத்துவிட்டுச் சீனித் தண்ணி குடித்தார்கள். அதனால் நோயாளிப் பட்டியல் இருபத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்களால் நிறைந்தது.

கடைசியாக, அந்தக் கோழிக்கு வருவோம். வெளிநாட்டுச் சொந்தம் ஏன் காப்பாற்றியது என்று விளங்கும்: மயாமியிலிருந்து காசோ பொதியோ வரும், கறுப்புச் சந்தையில் எண்ணெயும் இறைச்சியும் வாங்கலாம். புரட்சி முப்பது வருசம் 'ஓடிப்போனவர்கள்' என்று வைத ஆட்களின் கைதான் அது. அந்தக் காசு இல்லாமல் ஆகாது என்று 1993 கோடையில் அரசே டொலர் வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கியது. அப்படி ஒருவரும் வெளியில் இல்லாதவர்கள் முற்றத்தில் பெட்டி அடித்துக் கோழி விட்டார்கள். முற்றம் இல்லாத ஹவானா மாடி வீடுகளில் குளியல் தொட்டிக்குள் பன்றி வளர்த்ததாகவும் கதைகள் உண்டு. அந்த 1995 ஆய்வு, நோயிலிருந்து காத்தவை என்று கண்ட சத்துக்களில் மெத்தியோனின் ஒன்று, பி12 ஒன்று, ரைபோபிளேவின் ஒன்று. மூன்றும் ஒரு முட்டைக்குள் இருக்கிறது.